கரம் பலகையும் கணக்குப் புத்தகமும்

ஓர் அரசு தன் மக்களை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர் அதன் பெருந்திட்டங்கள் பற்றிய பிரகடனங்களைப் படிக்க வேண்டியதில்லை. கிராமத்து இளைஞர் கழகத்துக்கு ஒரு பந்து எவ்வாறு வந்து சேர்கின்றது, அண்ணாவியார் ஒருவரின் மத்தளத்துக்குத் தோல் போட யார் உதவுகின்றனர், குக்கிராமத்து வாசிகசாலையின் கூரைக்கு ஒதுக்கப்பட்ட பணம் எங்கே நின்றுவிடுகின்றது, அதன் கணக்கு யாருக்குச் சொல்லப்படுகின்றது என்பவற்றைக் கவனித்தாலே போதும். பிரதேச அபிவிருத்தி, கலை, விளையாட்டு ஆகிய மூன்றும் எமது வரவு செலவுத் திட்டங்களிற் சிறிய தலைப்புக்களே. பாதுகாப்புச் செலவோடும் கடன் வட்டியோடும் ஒப்பிட்டால் இவை வெறும் துணுக்குகள். ஆயினும் அரசு சாதாரண மனிதனின் படலை வரை நேரில் வந்து நிற்பது பெரும்பாலும் இத்தலைப்புக்களின் வழியாகவே. எனவே இச்சிறு பணம் எவ்வாறு செலவாகின்றது, அதனை யார் கண்காணிக்கின்றனர் என்னும் வினா கணக்காளரின் வினா மாத்திரமன்று. அது பண்பாட்டு வினாவுமாகும். இலக்கிய ஏடொன்றில் இதனை எழுப்புவதற்கு நாம் எவரிடமும் மன்னிப்புக் கோர வேண்டியதில்லை.

அண்மைக் காலத் தீர்ப்பொன்றிலிருந்து தொடங்குவோம். 2015 சனவரி 8 ஆந் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், விளையாட்டுக் கழகங்களுக்கு வழங்குவதற்கென 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் அரசுக்குச் சொந்தமான சதொச நிறுவனத்தின் ஊடாக இறக்குமதி செய்யப்பட்டன. அவை அரசியல் இலாபத்துக்காகவே தருவிக்கப்பட்டன என்பதும், அதனால் அரசுக்கு 5 கோடி 30 இலட்சம் ரூபா அளவில் நட்டம் விளைந்தது என்பதும் குற்றச்சாட்டு. 2025 மே 29 ஆந் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் ஒருவருக்கு 20 ஆண்டுகளும், சதொசவின் தலைவராக இருந்து பின்னர் அமைச்சருமான ஒருவருக்கு 25 ஆண்டுகளும் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீடு செய்யும் உரிமை அவர்களுக்குண்டு. தனி மனிதரின் குற்றத்தை அளப்பது நீதிமன்றங்களின் பணி; எமது பணியன்று. நாம் நின்று நோக்க வேண்டியது அவ்வழக்கின் நடுவிற் கிடந்த பொருளைத்தான்.

அப்பொருள் கரம் பலகை. துறைமுகமோ விமானமோ அன்று. மாலை வேளையில் வாசிகசாலைத் திண்ணையில் நான்கு இளைஞர் சுற்றியிருந்து விளையாடும் மரப்பலகை. இத்தகைய அற்பப் பொருளொன்று தேர்தற் காலத்தில் ஆயிரக் கணக்கில் நாட்டுக்குள் ஏன் வரவேண்டும்? அதனைப் பெறுபவன் அதைத் தன் உரிமையாகக் கருதமாட்டான், ஒருவர் தந்த கொடையாகவே கருதுவான் என்னும் நம்பிக்கையினால் அன்றோ? அந்நம்பிக்கை வீணானதுமன்று. வரியாகக் கொடுத்த பணம் பலகையாகத் திரும்பி வரும்போது, அது தன் பணமே என்பதை மறந்து கைகூப்பி நிற்கும் மனப்பான்மை எம்மிடையே உண்டு. அரிசிக்கும் சீனிக்கும் பருப்புக்கும் வரி செலுத்திய தாயின் மகனுக்கு அவ்வரியிலிருந்து ஒரு பந்து வாங்கிக் கொடுப்பவர் வள்ளலாகப் போற்றப்படுகின்றார். இம்மனப்பான்மை இருக்கும் வரையில் எத்துணைச் சட்டம் இயற்றினும் கண்காணிப்பு என்பது காகிதத்திலேயே நிற்கும். இதுவே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

சட்டங்களுக்கு இந்நாட்டிற் பஞ்சமில்லை. கணக்காய்வாளர் நாயகத்தின் பதவி 1799 ஆம் ஆண்டிலே பிரித்தானியர் ஆட்சியில் தோன்றியது. அன்று அது மக்களின் பணத்தை மக்களுக்காகக் காப்பதற்கு ஏற்பட்டதன்று. குடியேற்ற நாட்டு வருமானத்தை எசமானருக்காகக் காப்பதற்கு ஏற்பட்டது. சுதந்திரத்தின் பின்னர் அப்பதவி பாராளுமன்றத்துக்குப் பொறுப்புச் சொல்லும் பதவியாயிற்று. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரை அமைச்சுக்கள், திணைக்களங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், கூட்டுத்தாபனங்கள் ஆகிய யாவற்றின் கணக்குகளையும் ஆராயும் அதிகாரத்தை அதற்கு வழங்கியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், பொதுப் பணத்துக்கு நட்டம் விளைத்தவரிடமிருந்து அந்நட்டத்தை அறவிடுவதற்கும் வழி செய்தது.

ஆனால் இவ்வேலியைப் போட்ட கைகளே அதனைப் பிடுங்கவும் தயங்கவில்லை. 2020 இல் 20 ஆவது திருத்தம் அவ்வாணைக்குழுவை நீக்கியது. நாடு கடன் செலுத்த வழியின்றித் தவித்து, மக்கள் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று வாடிய 2022 இன் பின்பகுதியில், 21 ஆவது திருத்தம் அதனை மீளக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலிற் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வு பெற்றபோது அவரிடத்துக்கு நிரந்தரமாக ஒருவர் நியமிக்கப்படாமற் பல மாதங்கள் கழிந்தன. ஆட்சி மாறினும், நிறம் மாறினும், கணக்குக் கேட்பவனின் நாற்காலியை விரைந்து நிரப்பும் ஆவல் மாத்திரம் எவரிடத்தும் மிகையாகக் காணப்படவில்லை. காவற்காரனுக்கு ஒரு நாள் தடி கொடுத்து மறுநாள் அதனைப் பறிக்கும் வீட்டிலே களவு போவதில் வியப்பென்ன?

தடி கையில் இருக்கும் காலத்திலும் காவற்காரன் எப்போது வருகின்றான் என்பதைப் பார்க்க வேண்டும். நிதியாண்டு முடிந்து 10 மாதங்களுக்குள் கணக்காய்வாளர் நாயகம் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டுமென அரசியலமைப்புக் கூறுகின்றது. அப்படியானால், சனவரியிற் செலவான ரூபாவைப் பற்றிய அறிக்கை மறு ஆண்டு ஒக்டோபரில் வரலாம். அதன் பின்னர் பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு கூட வேண்டும். அதிகாரிகளை அழைக்க வேண்டும். அவர்கள் இடமாற்றம் பெற்றுச் சென்றிருந்தால் வந்தவர் வாயைப் பார்க்க வேண்டும். இதற்கிடையிற் கட்டிய சுவர் வெடித்துவிடும். வாங்கிய வலை இற்றுவிடும். கட்டடத்தைத் திறந்து வைத்தவர் மறுபடியும் தேர்தலில் நின்று வென்றுவிடுவார். கரம் பலகைகளுக்குத் தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேற் சென்றமை நாம் கண்டதே. அப்பலகைகளில் ஆடியிருக்கக்கூடிய இளைஞர் இன்று பிள்ளைகளின் தந்தையர். இது நோய்க்கு மருந்தன்று, பிரேத பரிசோதனை.

இங்கே ஒரு விசித்திரத்தைக் குறிப்பிடாமற் செல்ல முடியாது. 1912 ஆம் ஆண்டுப் பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டத்தின் வழியாக, நாடகமொன்று மேடையேறுமுன் அதன் எழுத்துப் பிரதியை அதிகாரிகள் வரிவரியாகப் பரிசீலிக்கும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலம் நிலைத்து வந்துள்ளது. ஏழை நாடகக் கலைஞனின் வசனம் முன்கூட்டியே ஆராயப்படும். அமைச்சரின் செலவோ ஆண்டுகள் கழித்தே ஆராயப்படும். சொல்லுக்கு முற்காவல், பணத்துக்குப் பிற்காவல்! எது நாட்டுக்கு அதிகம் தீங்கு செய்தது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இனி, கொடை என்னும் நோய் எவ்வாறு வேரூன்றியது என்பதைச் சிறிது ஆராய்வோம். 1974 இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் அறிமுகமாயிற்று. கொழும்பிலுள்ள திணைக்களங்களின் வாயிலிற் காத்துக் கிடக்காமல், கிராமத்தின் மதகையும் கிணற்றையும் மைதானத்தையும் பிரதேசத்திலேயே தீர்மானித்துச் செய்துகொள்ளலாம் என்னும் நோக்கம் நல்ல நோக்கமே. ஆனால் காலப்போக்கிலே தீர்மானிக்கும் பொறுப்புப் பிரதேச மக்களிடம் செல்லாது பாராளுமன்ற உறுப்பினரிடம் சென்று தங்கியது. ‘எம்.பி.யின் பணம்’ என்று மக்கள் அதனை அழைக்கத் தொடங்கிய நாளிலே அதன் பிறப்புரிமை மாறிவிட்டது. கழகத்துச் செயலாளர் விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்குச் செல்கின்றார், பந்தும் வலையும் பிளாஸ்ரிக் கதிரைகளும் வருகின்றன, ஒலிபெருக்கி கட்டி ஒரு விழா நடக்கின்றது, பொன்னாடை போர்த்தப்படுகின்றது, புகைப்படம் பத்திரிகைக்குப் போகின்றது. அடுத்த கிராமத்துக் கழகத்துக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை எமக்கும் கிடைக்காது என்னும் அச்சம்! பொன்னாடையின் விலையும் அக்கழகத்தின் உண்டியலிலிருந்தே போகின்றது என்பதை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சிறிய கொடையிலுள்ள இதே மனப்பான்மை பெரிய கொடையிற் பூதாகாரமாகின்றது. அம்பாந்தோட்டை மாவட்டத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். வறட்சியும் வறுமையும் நெடுங்காலம் வாட்டிய அப்பிரதேசத்துக்கு அபிவிருத்தி தேவையில்லை என்று எவரும் சொல்லார். அங்குள்ள சிங்கள விவசாயியும் மீனவனும் எமது சகோதரரே. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? 2010 நவம்பரிலே துறைமுகம் திறக்கப்பட்டது. 2011 உலகக் கிண்ணத்துக்கெனச் சூரியவெவவில் 35,000 பேர் இருக்கத்தக்க கிறிக்கெற் விளையாட்டரங்கு எழுந்தது. 2018 ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளை அங்கே நடத்துவதற்கு விண்ணப்பித்து, 2011 நவம்பரில் 43 வாக்குகளுக்கு 27 என்ற கணக்கில் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரிடம் தோற்றோம். 2013 மார்ச்சில் 20 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில், பெரும்பகுதி சீனக் கடனில், மத்தளை விமான நிலையம் திறக்கப்பட்டது. 2015 இல் அதன் களஞ்சியங்களில் நெல் சேமிக்கப்பட்டது. துறைமுகம் 2017 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. கொழும்பில் 2011 திசெம்பரிற் சீன உதவியுடன் எழுந்த தாமரைத் தடாக அரங்கையும் சேர்த்து, இந்நான்குக்கும் அன்று பதவியிலிருந்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் பெயரே சூட்டப்பட்டது. மக்களின் பேரிற் கடன். தலைவரின் பேரிற் கட்டடம்.

உலகக் கிண்ணத்துக்கான அரங்குகளைக் கட்டிய கிறிக்கெற் நிறுவனம் கடனில் மூழ்கியது. இறுதிப் போட்டி வரை சென்ற வீரர்களுக்கே 2011 இற் பல மாதங்கள் ஊதியம் கிடைக்கவில்லை. அரங்குக்குப் பணம் உண்டு, ஆடுபவனுக்குப் பணம் இல்லை என்னும் இந்த நிலை விளையாட்டுக்கு மாத்திரம் உரியதன்று, கலைக்கும் உரியது. கட்டடத்தைக் கணக்காய்வாளர் எண்ணலாம். சதுர அடியால் அளக்கலாம். திறப்பு விழாவும் நடத்தலாம். மத்தளக்காரனின் விரலை எந்தச் சதுர அடியால் அளப்பது? ஆகவே மூலதனச் செலவு பெருகுகின்றது. மனிதனுக்கான செலவு சுருங்குகின்றது. பற்றுச்சீட்டு ஒழுங்காக உள்ளதா என்று கேட்கும் கணக்காய்வு, அப்பொருள் வேண்டப்பட்டதா, பயன்பட்டதா, யாருக்குப் பயன்பட்டது என்று கேட்கும் கணக்காய்வாக வளர வேண்டும். 

எமது பகுதியிலும் இதன் சாயலைக் காணலாம். இந்திய அரசின் நன்கொடையாக யாழ்ப்பாணத்திற் பல மாடிகளுடன் எழுந்த கலாசார மையம் 2023 பெப்புருவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அழகிய கட்டடந்தான், அயல்நாட்டு மக்களின் அன்பை நாம் மதிக்கின்றோம். ஆனால் அதன் விளக்குக்கும் குளிரூட்டிக்கும் காவலுக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவை யார் தாங்குவது என்ற வினா கட்டடத்தோடு கூடவே எழுந்தது. 2025 சனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது பெயரைப் பற்றிப் பெரும் விவாதம் நிகழ்ந்தது. பெயரைப் பற்றி விவாதித்த அளவுக்கு, அம்மண்டபத்தின் வாடகையைக் கட்டைவேலியிலோ வட்டுக்கோட்டையிலோ உள்ள ஏழைக் கூத்துக் குழுவொன்று கொடுக்க முடியுமா என்பதைப் பற்றி நாம் விவாதித்தோமா? பெயர் எமது மானத்துக்கு உரியது என்றால், வாயில் யாருக்குத் திறக்கின்றது என்பதும் எமது மானத்துக்கு உரியதே.

கண்காணிப்பைக் கொழும்பிடம் மாத்திரம் விட்டுவிட முடியாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிரதேசத்தின் பணத்தைப் பிரதேசமே தீர்மானிக்கட்டும் என்று இந்நாட்டிற் செய்யப்பட்ட ஏற்பாடுகள் யாவும் அரைகுறையாகவே பிறந்தன. 1981 யூன் 4 ஆந் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்குத் தேர்தல் நடைபெற்றது. அத்தேர்தலுக்குச் சில நாட்களின் முன்னர்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அபிவிருத்திச் சபை கிடைக்குமுன் நூலகத்தை இழந்த மக்கள் நாம். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் மாகாண சபைகள் தோன்றின. 2012 இல் கிராமிய அபிவிருத்தி அதிகாரங்களை மத்தியிற் குவிக்கும் ‘வாழ்வின் எழுச்சி’ச் சட்டமூலம் வந்தபோது, தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத வட மாகாணத்துக்காக ஆளுநர் அளித்த சம்மதம் போதாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. அவ்வேளை பிரதம நீதியரசராக இருந்தவர் 2013 சனவரியிற் பதவி நீக்கப்பட்டார். வட மாகாண சபைக்கு 2013 செப்ரெம்பரில் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுக் கணக்காக ஆளுநரின் நிருவாகம். மாகாணத்தின் விளையாட்டுத் திணைக்களமும் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் செய்யும் செலவைப் பற்றி எழுந்து நின்று கேட்பதற்கு மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் அவ்வாண்டுகளில் இருக்கவில்லை. பிரதிநிதி இல்லாத இடத்திற் கணக்காய்வாளர் எத்துணைத் திறமையானவராயினும் அவர் எழுதும் அறிக்கைக்கு வாசகர் இல்லை.

இவ்விடத்து ஓர் எதிர்வாதத்துக்கு விடை கூற வேண்டும். “கண்காணிப்பு என்று நீங்கள் கேட்பது ஈற்றிலே கட்டுப்பாடாக முடியாதா? கலைஞனையும் வீரனையும் அரசின் காலடியில் இது கொண்டுபோய் விடாதா?” என்று எமது நண்பர் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினா. 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு வழங்கிய பரந்த அதிகாரங்களின் விளைவை நாம் அறிவோம். 2023 நவம்பரிற் கிறிக்கெற் நிருவாகம் கலைக்கப்பட்டு இடைக்காலக் குழு நியமிக்கப்பட்டதும், நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியதும், பாராளுமன்றம் நிருவாகத்தினர் விலக வேண்டுமென ஒருமனதாகத் தீர்மானித்ததும், மறுநாளே சர்வதேசக் கிறிக்கெற் சபை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியதும் ஒரு வாரத்துக்குள் நடந்தேறின. 2024 சனவரியிலேயே அத்தடை நீங்கியது. அமைச்சரின் தலையீடு ஒருபுறம். எவருக்கும் கணக்குச் சொல்லோம் என்னும் நிருவாகிகளின் வீறாப்பு மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவில் நசுங்கியது விளையாட்டு.

ஆகவே வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் கேட்பது பணத்தின் கணக்கை, படைப்பின் கணக்கையன்று. நாடகத்துக்குக் கொடுத்த ரூபா நாடகத்துக்குச் சென்றதா என்று கேட்கலாம். நாடகம் அமைச்சருக்குப் பிடித்ததா என்று கேட்கக்கூடாது. யாருக்குக் கொடுப்பது என்பதை அத்துறை அறிந்தோர் குழு ஒன்று காரணங்காட்டித் தீர்மானிக்க வேண்டும். அக்காரணம் பகிரங்கமாக எழுதப்பட வேண்டும். அமைச்சர் அதனை மாற்றினால் மாற்றியவரின் பெயரும் எழுதப்பட வேண்டும். இது கட்டுப்பாடன்று, கலைஞனுக்குக் காப்பு. எவரும் காணாத இடத்திற் கொடுக்கப்படும் பணமே கலைஞனை அடிமையாக்குகின்றது. அனைவரும் காண உரிமையாகக் கொடுக்கப்படும் பணத்துக்கு அவன் எவரிடமும் தலை குனிய வேண்டியதில்லை.

இது நடவாத கனவு என்று எவரும் கூற வேண்டாம். 1952 இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையிற் செய்த பணியை நினைவுகூர்வோம். கையிலிருந்த பணமோ சொற்பம். அப்பணத்தைக் கொண்டு மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளின் அண்ணாவிமாரைத் தேடிச் சென்றனர். கூத்துப் போட்டிகளை நடத்தினர். ஏட்டிற் கிடந்த கூத்து நூல்களை அச்சேற்றினர். ‘அலங்கார ரூபன் நாடகம்’ 1962 இல் அச்சில் வந்தது. அதே காலப்பகுதியிற் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவை பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு புதுமெருகுடன் மேடையேறின. படித்தவர்களால் இழிவாகக் கருதப்பட்ட உழைக்கும் மக்களின் கலை தேசியக் கலையாகத் தலைநிமிர்ந்தது. பளிங்கு மண்டபம் ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை துறையறிந்த குழு, மக்களிடம் செல்லும் கால்கள், அனைவரும் காணத்தக்க பயன் ஆகியவையே. எந்தக் கணக்காய்வாளர் வந்து பார்த்திருப்பினும் அச்செலவின் பயனை ஊர்க் களரியிலே கண்ணாற் கண்டிருப்பார்.

கணக்குக் கேட்கும் பண்பும் எமக்குப் புதியதன்று. எமது சனசமூக நிலையங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சென்றிருப்பவர்கள் இதனை அறிவர். பொருளாளர் எழுந்து வரவு செலவு அறிக்கையை வாசிப்பார். பத்திரிகைச் சந்தா இவ்வளவு, மின்கட்டணம் இவ்வளவு, கரப்பந்து வலை இவ்வளவு, விளையாட்டு விழாவில் தேநீர்ச் செலவு இவ்வளவு. பின்வரிசையிலிருந்து கிழவர் ஒருவர் எழுவார். “தம்பி, போன வருசம் வாங்கின வலைக்கு என்ன நடந்தது?” கூட்டம் சிரிக்கும், ஆனால் பொருளாளர் சிரிக்கமாட்டார். விடை சொல்லியே தீரவேண்டும். கூட்டம் ஏற்றுக்கொண்டால் மாத்திரமே அறிக்கை நிறைவேறும். சில நூறு ரூபாவுக்கு இத்தகைய கடுமையோடு கணக்குக் கேட்கும் அதே மக்கள், கோடிக் கணக்கான ரூபாவுக்குக் கணக்குச் சொல்லாத அமைச்சர் அதே நிலையத்தின் வாயிலில் வந்திறங்கும்போது மாலையோடு நிற்கின்றனர். அறிவு இல்லாமையன்று, அப்பணமும் தம் பணமே என்ற உணர்வு இல்லாமையே இதற்குக் காரணம்.

அவ்வுணர்வுக்குச் சட்டத்தின் துணையும் இன்று உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்புருவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம் எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தன் முடிவைக் கூற வேண்டும். அதனினும் முக்கியமானது அச்சட்டத்தின் 9 ஆம் பிரிவு. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட திட்டம் எதுவாயினும், வேலை தொடங்க 3 மாதங்களின் முன்னரே அதன் விபரங்களை மக்களுக்கு அறிவிக்க வேண்டுமென அது அமைச்சருக்குக் கட்டளையிடுகின்றது. சிந்தித்துப் பாருங்கள். இன்றைய விலையில் 5 இலட்சம் ரூபாவுக்குள் அடங்கும் மைதானமோ கலையரங்கோ எங்கேயுண்டு? அப்படியாயின் எமது ஊரில் எழும் ஒவ்வொரு மண்டபத்தின் மதிப்பீடும் மூன்று மாதங்களின் முன்னரே எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரேத பரிசோதனைக்கு முன்னர் உயிரோடு நாடி பார்க்கும் உரிமை இது. இவ்வுரிமையைப் பிரயோகித்த வாசிகசாலைகள் எத்தனை? விளையாட்டுக் கழகங்கள் எத்தனை? எழுத்தாளர் சங்கங்கள் எத்தனை?

கடைசி வினா எம்மை நோக்கியது. ஆட்சியாளரை விமர்சிக்கும் எழுத்தாளராகிய நாம் குற்றமற்றவர்களா? அரசின் விழா மேடையில் இருக்கை கிடைக்கும்போது, விருதுப் பட்டியலில் எமது பெயர் இடம்பெறும்போது, எமது நூலின் சில பிரதிகளைத் திணைக்களம் வாங்கும்போது, அந்தப் பட்டியல் எவ்வாறு ஆக்கப்பட்டது, யார் விடப்பட்டனர், விழாவுக்கு எவ்வளவு, கலைஞனுக்கு எவ்வளவு என்று நாம் கேட்டதுண்டா? கேட்டவர் சிலர்; வாய்மூடி இருந்தவர் பலர். பந்து பெற்ற கழகத்துச் செயலாளரின் மௌனத்துக்கும் பட்டம் பெற்ற கவிஞரின் மௌனத்துக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. செயலாளருக்காவது தன் இளைஞர்களுக்குப் பந்து வேண்டும் என்ற நியாயம் உண்டு. எமக்கு என்ன நியாயம்?

ஆதலின் நாம் வேண்டுவது பெரும் புரட்சித் திட்டம் ஒன்றுமன்று. ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் வாயிலிலும், அவ்வாண்டில் அப்பிரதேசத்தின் கலைக்கும் விளையாட்டுக்கும் சிறு அபிவிருத்தி வேலைகளுக்கும் ஒதுக்கப்பட்ட தொகையும், பெற்றவர் பெயரும், பெற்ற காரணமும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிடப்படட்டும். ஆண்டுக்கொரு முறை அதிகாரிகள் மக்கள் முன்னிலையில் அதனை வாசித்து விடை சொல்லட்டும். அவ்வாறு வாசிக்க மறுப்பாராயின், எமது சனசமூக நிலையங்களே தகவலைக் கேட்டுப் பெற்று வாசிக்கட்டும். இலக்கியக் கூட்டங்களில் நூல் விமர்சனத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இக்கணக்கு விமர்சனத்துக்கும் ஒதுக்குவோம்.

பின்வரிசைக் கிழவரின் வினா சிறிய வினா. ஆனால் அதனைச் சனசமூக நிலையத்தின் படலைக்குள்ளே அடைத்து வைத்திருப்பது எமது தவறு. ‘போன வருசம் வாங்கின வலைக்கு என்ன நடந்தது?’ என்று அமைச்சின் வாயிலில் நின்று கேட்கும் துணிவு அவருக்கு வரும் நாளில், 14,000 பலகைகளுக்காகப் பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேற வேண்டிய தேவை இராது.